வேட்டைக்காகத் தயாரிக்கப்பட்ட நிலம்

டெக்சாசிலோ பவேரியாவிலோ வசிக்கும் வசதி படைத்த ஒருவர் தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் செல்வதென முடிவெடுத்தால், அதற்கான ஏற்பாடுகள் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. யானை, சிங்கம், காண்டாமிருகம் ஆகியவற்றைச் சுடுவது பெருங்கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அடுத்த படியில் இருப்போருக்கென்று வேறொரு சந்தை உண்டு. குடு, இம்பாலா, ஈலாண்ட், ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக், வில்டபீஸ்ட், வரிக்குதிரை, வார்த்தாக் என்னும் காட்டுப்பன்றி வகை ஆகிய அனைத்தையும் 'சமவெளி விலங்குகள்' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்கி, ஏழு நாள் பயணம், பத்து நாள் பயணம் எனக் கட்டுக்கட்டாக விற்கும் சந்தை அது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் மாநாட்டில், தென்னாப்பிரிக்க, நமீபியப் பண்ணை உரிமையாளர்கள் கடை விரித்து முன்பதிவு செய்துகொள்கின்றனர். வேட்டைக்கென அந்நாடுகளுக்கு வருவோரில் அமெரிக்கர்களே மிகுதி.

முன்பணம் செலுத்தியவருக்கு ஒரு நீண்ட அறிவுரைப் பட்டியல் வந்துசேரும். அதைப் படித்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் உள்ளமைப்பே தெரியும். எந்தத் துப்பாக்கி போதும் என்பதில் தொடங்குகிறது பட்டியல். தன் நாட்டில் மான் சுடப் பயன்படுத்தும் .30-06 ரகமே போதும். ஈலாண்ட் போன்ற பெரிய உடலுள்ள விலங்கென்றால்.375 ரகம் நல்லது. மேசைமேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுட்டுப் பழகியதை மறந்துவிட வேண்டும். புதர்க்காட்டில் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, நின்றவாறே சுட வேண்டியிருக்கும். ஆகவே மாதக்கணக்கில் அதைப் பயிற்சி செய்ய வேண்டும். ஆப்பிரிக்க விலங்குகளின் இதயம், அமெரிக்க மானுக்கு இருப்பதைவிடச் சற்றுக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. முன்னங்காலின் கோட்டைப் பின்பற்றி மேலே வந்து, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும். துப்பாக்கியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவர, தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 520-ஆம் எண் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பிக் கொண்டுவர வேண்டும். கையெழுத்தை மட்டும் விமான நிலையத்தில் அதிகாரியின் முன்னிலையில் இடவேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் அனுமதி இல்லை.

அடுத்தது உடை. பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு வராதீர்கள், மூன்று ஜோடி உடைகள் போதும் என்கிறது அறிவுரை. காரணம், அன்றாடம் அழுக்குத் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, மாலைக்குள் கட்டில் மேல் வைக்கப்பட்டுவிடும். யார் துவைப்பார்கள் என்று பட்டியல் சொல்வதில்லை. தமிழில் 'துவைக்கப்பட்டிருக்கும்' என்று எழுதினால் எழுவாய் மறைந்துபோவதைப் போலவே, அந்தப் பண்ணைகளில் துவைப்பவரும் மறைந்தே இருக்கிறார். பண்ணையின் பின்புறத்துக் குடிசைகளில் வாழும் கறுப்பினப் பெண்தான் அவர்.

பின்னர் விலைப்பட்டியல். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டணம். கொல்லும் ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம். சுருள் கொம்புடைய ஓர் ஆண் குடுவுக்குப் பல பண்ணைகளில் 2,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். இம்பாலாவுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஏறத்தாழ எல்லாப் பண்ணைகளிலும் நடைமுறையில் இருக்கும் விதி ஒன்று: விலங்கு காயம்பட்டு ஓடிவிட்டாலும், ஒரு துளி இரத்தம் தரையில் சிந்தியிருந்தாலே முழுக் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். இரத்தம் சிந்திய நொடியில் சரக்கு கைமாறிவிட்டது என்பது இவ்விதியின் பொருள். சந்தையின் தர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதாரப் பாடநூலும் கூறியிருக்காது.

விலங்கு வீழ்ந்தபின் கொம்பை நாடாவால் அளக்கிறார்கள். ரோலண்ட் வார்டு என்ற லண்டன் பாடம்செய் வணிகர் 1892 இல் தொடங்கிய பதிவேடு இன்றும் உயிரோடிருக்கிறது. அதில் இடம்பெறக் குடுவின் கொம்பு சுருளின் வழியே அளந்தால் 53 7/8 அங்குலமாவது இருக்க வேண்டும். தலையும் தோலும் மட்டுமே வேட்டைக்காரருக்கு. அவற்றைக் கிருமி நீக்கி, உப்பிட்டு, கப்பலேற்ற மேலும் சில மாதங்களும் மேலும் சில ஆயிரம் டாலர்களும் பிடிக்கும். இறைச்சி பண்ணை உரிமையாளருக்குச் சேரும். அவர் அதை விற்பார். குடலும் ஈரலும் சில துண்டுகளும் தொழிலாளருக்கு.

பட்டியலின் கடைசிப் பகுதி அன்பளிப்பு பற்றியது. வெளிநாட்டு வேட்டைக்காரர் உரிமம் பெற்ற தொழில்முறை வழிகாட்டி ஒருவருடன்தான் வேட்டையாட வேண்டும் என்பது சட்டம். அந்த வழிகாட்டி பெரும்பாலும் வெள்ளையர். அவருக்குப் பெருந்தொகை அன்பளிப்பு வழங்குவது மரபு. விலங்கின் தடத்தை மண்ணில் படித்து, ஒடிந்த புல்லையும் ஈரச் சாணத்தையும் கொண்டு அது எவ்வளவு நேரத்துக்கு முன் கடந்தது என்று கணித்து, வேட்டைக்காரரைக் குறிதவறாத் தொலைவுக்குக் கொண்டுசேர்ப்பவர் தடம் பார்ப்பவர். அவர் கறுப்பர். அவருக்கு உரிமமும் இல்லை, சான்றிதழும் இல்லை. நாளொன்றுக்குச் சில டாலர் அன்பளிப்புதான். ஊர் திரும்பும்போது தங்கள் பழைய காலணியையும் சட்டையையும் அவரிடம் விட்டுச் செல்லுங்கள், மிகவும் மகிழ்வார்கள் என்று கனிவோடு முடிகிறது அறிவுரை. ஊதியமாகத் தர வேண்டியதை ஈகையாகத் தருவது பண்ணையார்களின் பழைய பழக்கம். தஞ்சையில் அறுவடை முடிந்தபின் பண்ணையாள் பெற்ற வேட்டியும் துண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

வேட்டைக்காரரின் தயாரிப்பு ஓராண்டு. ஆனால் அவர் வந்து இறங்கும்போது வேலிக்கு உள்ளே ஒரு குடு நின்றுகொண்டிருக்க வேண்டுமே, அதற்கான தயாரிப்பு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நடந்திருக்கிறது.

முதல் கட்டம் அழிவு. குடியேறிய வெள்ளையர்கள் தோலுக்காகவும் விளையாட்டுக்காகவும் சமவெளிகளைக் காலியாக்கினர். குவாகா என்ற வரிக்குதிரை இனத்தின் கடைசி உயிர் 1883 இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச் சாலையில் மடிந்தது. பான்டிபாக் மான்கள் எஞ்சியவை 17 தான் என்ற நிலையில்தான் 1931 இல் அவற்றுக்கென ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அழித்தவர்கள் தோட்டாவும் குதிரையும் உடையவர்கள். ஆனால் பின்னர் வந்த வேட்டைச் சட்டங்கள் குற்றவாளியாக்கியது கறுப்பின மக்களை. கண்ணியும் நாயும் கொண்டு உணவுக்கு வேட்டையாடியவர் 'திருட்டு வேட்டைக்காரர்' ஆனார். கொம்புக்காகச் சுட்டவர் 'விளையாட்டு வீரர்' ஆனார்.

இரண்டாம் கட்டம் நிலப்பறிப்பு. 1913 ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் நிலச் சட்டம், நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்களுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்தை ஒதுக்கியது. 1936 இல் அது 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மற்ற இடங்களில் கறுப்பர் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. ஒரே இரவில் தம் சொந்த மண்ணில் அந்நியராகிய குடும்பங்கள் ஆடுமாடுகளோடு சாலைகளில் அலைந்ததை, அன்றே ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தவர் சால் பிளாட்ஜே. எஞ்சியோர் வெள்ளையரின் பண்ணைகளிலேயே தங்கி, உழைப்பைக் கொடுத்து, ஈடாகக் குடிசை போடவும் சில மாடுகள் மேய்க்கவும் உரிமை பெற்றனர். தலைமுறை தலைமுறையாக அவர்களின் பிள்ளைகள் பிறந்ததும் முன்னோர்கள் புதைக்கப்பட்டதும் அந்தப் பண்ணைகளில்தான்.

பூங்காக்களின் கதையும் வேறல்ல. குரூகர் தேசியப் பூங்கா 1926 இல் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் காப்பாளர் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு உள்ளூர் மக்கள் வைத்த பெயர் 'ஸ்குகூசா'. துடைத்து வெளியேற்றியவன் என்று பொருள். பூங்காவின் தலைமை முகாமுக்கு இன்றும் அதே பெயர்தான். பயணிகள் அதை ஏதோ பறவையின் பெயர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.

மூன்றாம் கட்டம்தான் இக்கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையது. காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமன்று, பிடிப்பவருக்கே உரியது என்பது ரோம-டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. 1991 ஆம் ஆண்டு, மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்த மறு ஆண்டு, நிறவெறி ஆட்சி தன் இறுதி நாட்களில் 'வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம்' ஒன்றை நிறைவேற்றியது. நிலத்தைப் போதுமான வேலியிட்டு அடைத்துச் சான்றிதழ் பெற்றுவிட்டால், உள்ளே இருக்கும் விலங்குகள் உரிமையாளரின் தனிச்சொத்து. வேலியைத் தாண்டி ஓடினாலும் சொத்துரிமை போகாது. மான் மாடாயிற்று. சுமார் 2.4 மீட்டர் உயரக் கம்பிவேலிகள் நாடெங்கும் எழுந்தன. இன்று தனியார் விலங்குப் பண்ணைகள் சுமார் 9,000. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 1.7 கோடி ஹெக்டேர். அரசின் தேசியப் பூங்காக்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இதில் பாதிகூட வராது.

ஏன் அப்போது? கால்நடை வளர்ப்புக்கு நிறவெறி அரசு வாரி வழங்கிய மானியங்கள் குறைந்துகொண்டிருந்தன; வறண்ட நிலத்தில் மாட்டைவிட மான் இலாபம் தந்தது. இவை பொருளாதாரக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஜனநாயகம் வந்தால் பண்ணையில் வாழும் குடும்பங்களுக்கு உரிமை வரும் என்பதைப் பண்ணையார்கள் அறிந்திருந்தனர். 1996 இல் உழைப்புக் குத்தகையாளர் சட்டமும், 1997 இல் குடியிருப்புப் பாதுகாப்பு நீட்டிப்புச் சட்டமும் வந்தன. மனிதர்கள் இல்லாத நிலத்தின் மீது மனிதர்கள் உரிமை கோர இயலாது. மேய்ச்சல் நிலம் விலங்குகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, மாடுகளைக் குறையுங்கள். கொடிய விலங்குகள் வரப்போகின்றன, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்வது ஆபத்து, நகரத்துக்குப் போய்விடுங்கள். வாயிற்கதவு பூட்டியிருக்கும், உறவினர் வரவேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். துப்பாக்கி முனையில் விரட்டாமல், வாழ முடியாமல் செய்தே விரட்டும் இந்த முறை குவாசுலு-நடாலிலும் கரூ வறள்நிலத்திலும் ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

நிகூசி என்ற நிலவுரிமை அமைப்பு 2005 இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின் முடிவு அதிர்ச்சியானது. 1994 முதல் 2004 வரை, அதாவது விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில், 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிறவெறி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில் வெளியேற்றப்பட்டோரைவிட இது கூடுதல். இவற்றில் நீதிமன்ற நடைமுறைப்படி நடந்தவை 1 விழுக்காடு அளவே. வெளியேற்றம் முழுவதற்கும் விலங்குப் பண்ணைகளே காரணம் என்று கூறுவது மிகையாகும். இயந்திரமயமும் பயிர் மாற்றமும் சேர்ந்தே இதைச் செய்தன. ஆனால் வேலிக்கு உள்ளே போன முன்னோர் கல்லறையைப் பார்க்கப் பண்ணையாரிடம் நாள் கேட்டு நிற்கும் நிலையை உருவாக்கியதில் விலங்குப் பண்ணைகளுக்குத் தனி இடம் உண்டு. கல்லறைக்குச் செல்லும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டிய தேவை ஒரு நாட்டில் எழுந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

2017 ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட நிலத் தணிக்கையின்படி, தனிநபர் பெயரில் உள்ள பண்ணை நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம் இருந்தது. கறுப்பின ஆப்பிரிக்கரிடம் 4 விழுக்காடு; இந்திய வம்சாவளியினரிடம் 5 விழுக்காடு. மக்கள்தொகையில் மூன்று விழுக்காட்டை எட்டாத இந்தியர்களைவிட எண்பது விழுக்காடான ஆப்பிரிக்கரின் பங்கு குறைவு. 1955 இல் கிளிப்டவுனில் ஏற்கப்பட்ட விடுதலைச் சாசனம் நிலத்தை உழைப்போருக்குப் பகிர்ந்தளிப்பதாக உறுதியளித்தது. அந்தச் சாசனத்தை ஏந்தி ஆட்சிக்கு வந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், 'விரும்பி விற்பவர், விரும்பி வாங்குபவர்' என்ற உலக வங்கிச் சூத்திரத்தில் சிக்கிக்கொண்டது.

சிக்கிக்கொண்டது என்பதும் முழு உண்மையன்று. அதன் தலைமையில் ஒரு பகுதியினர் வேலிக்கு உள்ளே சென்று அமர்ந்துகொண்டனர். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கிய தலைவர்களுள் ஒருவரான சிரில் ராமபோசா, 2012 இல் ஓர் எருமையையும் அதன் கன்றையும் ஏலம் எடுக்க ஏறத்தாழ 2 கோடி ராண்ட் வரை கேட்டார். கண்டனம் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று, அவர் இயக்குநராக இருந்த லோன்மின் நிறுவனத்தின் மரிகானா சுரங்கத்தில், ஊதிய உயர்வு கேட்ட 34 தொழிலாளரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர் குடியரசுத் தலைவரானபின், 2020 இல் அவருடைய பாலா பாலா விலங்குப் பண்ணையில் இருக்கைக்குள் மறைத்து வைத்திருந்த டாலர் நோட்டுகள் களவுபோயின. எருமை விற்ற பணம், 5,80,000 டாலர் என்பது அவர் தந்த விளக்கம். நிலச் சீர்திருத்தம் ஏன் நகரவில்லை என்று கேட்போர் பாலா பாலாவின் வேலியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் எதிராக வேட்டைத் துறையினர் முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. அதைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. 1960களில் தென்னாப்பிரிக்காவில் சில இலட்சமாகக் குறைந்துவிட்ட காட்டு விலங்குகள் இன்று கோடிக்கும் மேலாகப் பெருகியுள்ளன. விலங்குக்கு விலை வந்ததால்தான் அது காக்கப்பட்டது என்கின்றனர். எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனால் பெருகியது எது? இலாபம் தரும் இனங்கள் பெருகின. தங்க நிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா என்று இயற்கையில் அரிதாகத் தோன்றும் நிற வேறுபாடுகளைப் பொலிகாளை முறையில் பெருக்கி, பங்குச்சந்தையைப் போல விலையேற்றி விற்றனர். சில ஆண்டுகளில் அந்தக் குமிழி உடைந்தது. வேலிகள் விலங்குகளின் பழைய இடப்பெயர்ச்சிப் பாதைகளை அறுத்தன. தங்கள் இரையைத் தின்னும் சிறுத்தையும் காட்டுநாயும் பல பண்ணையாருக்குப் பகை. இதைப் பாதுகாப்பு என்பதைவிடக் கால்நடை வளர்ப்பின் இன்னொரு வடிவம் என்பதே பொருந்தும்.

வேலைவாய்ப்பு என்பது அடுத்த வாதம். மாட்டுப் பண்ணையைவிட விலங்குப் பண்ணையில் கூலி அதிகம் என்கின்றனர். சில இடங்களில் அவ்வாறு இருக்கலாம். ஆனால் பண்ணைத் தொழிலாளரின் கூலி உயர்ந்த கதை வேறு. 2012 இறுதியில் மேற்கு கேப் மாகாணத்தின் டி டூர்ன்ஸ் திராட்சைத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம்தான், 69 ராண்டாக இருந்த நாள் கூலியை 2013 மார்ச்சில் 105 ராண்டாக உயர்த்தியது. 2021 வரை பண்ணைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியம் மற்ற தொழிலாளருக்கு இணையாகவில்லை. 2025 இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட், எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 230 ராண்ட். அந்தக் கூலி பெறும் ஒருவர் குடு ஒன்றுக்கு வேட்டைக்காரர் செலுத்தும் 2,000 டாலரை ஈட்ட 150 நாள் உழைக்க வேண்டும். அந்தக் குடுவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவராகவே இருக்கக்கூடும்.

நமீபியாவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஜெர்மானியர் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை இனப்படுகொலை செய்து கைப்பற்றிய மேய்ச்சல் நிலங்களே பின்னாளில் வெள்ளையரின் வேலியிட்ட பண்ணைகள் ஆயின. 2018 ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி வணிகப் பண்ணை நிலத்தில் 70 விழுக்காடு இன்னும் முன்பு சலுகை பெற்ற பிரிவினரிடமே உள்ளது. எட்டோஷா பூங்காவிலிருந்து 1954 இல் ஹாய்-ஓம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். நிலத்தைக் கேட்டு நீதிமன்றம் சென்றபோது, மக்கள் திரள் முழுமைக்காகவும் வழக்காடும் தகுதி மனுதாரர்களுக்கு இல்லை என்று கூறி 2022 இல் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது. மறுபுறம், வெள்ளைப் பண்ணையாருக்கு மட்டும் இருந்த விலங்குரிமையை 1996 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பொதுநிலத்தில் வாழும் மக்களுக்கும் விரித்தது. இன்று 86 சமூகக் காப்பகங்கள் நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் இயங்குகின்றன. வேட்டை நிறுவனங்களுக்கு விடும் ஒப்பந்தத்தின் வருமானம் பொது நிதிக்கு வருகிறது; இறைச்சி ஊருக்குப் பகிரப்படுகிறது. வருமானத்தில் பெரும்பகுதி நிறுவனங்களிடமே தங்குகிறது, குடும்பங்களுக்குச் சேர்வது சொற்பம் என்ற குறை அங்கேயும் வலுவாகவே ஒலிக்கிறது. எனினும் முடிவெடுக்கும் அவையில் ஊரார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது பாலா பாலாவில் இல்லாத ஒன்று.

இந்த வேறுபாட்டைக் காண மறுப்பதுதான் ஐரோப்பிய விலங்கு நேயர்களின் கோளாறு. வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியைத் தடை செய்யும் மசோதாவை 2023 மார்ச்சில் பிரிட்டனின் மக்களவை நிறைவேற்றியது. பிரபுக்கள் அவையில் அது மடிந்தது. ஜெர்மனியிலும் அவ்வாறு பேச்சு எழுந்தபோது, 2024 ஏப்ரலில் போட்ஸ்வானாவின் அன்றைய தலைவர் மசிசி, 20,000 யானைகளை உங்கள் நாட்டுக்கே அனுப்புகிறேன், அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்று எரிச்சலோடு பதிலளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், கடும் வறட்சியில் பசித்த மக்களுக்கு இறைச்சி வழங்குவதற்காக 723 விலங்குகளைக் கொல்ல நமீபிய அரசு முடிவு செய்தது. 300 வரிக்குதிரை, 100 ஈலாண்ட், 100 வில்டபீஸ்ட், 83 யானை என்று நீண்டது பட்டியல். உலகெங்கும் கண்டனம் குவிந்தது. பசித்தவரின் சட்டிக்குப் போகும் வரிக்குதிரைக்காகக் கசிந்த கண்கள், கொம்புக்காகவும் தோலுக்காகவும் ஆண்டு முழுவதும் வீழ்த்தப்படும் விலங்குகளைப் பற்றி அவ்வளவாகக் கலங்கியதில்லை. தடை கோருவோரிடம் நில மறுபங்கீட்டைப் பற்றிக் கேட்டால், அது எங்கள் துறையன்று என்பார்கள்.

வேட்டையைத் தடை செய்து அதே வேலிக்குள் புகைப்படச் சுற்றுலாவைத் தொடங்கினால் பண்ணையாரின் வருமானத் தலைப்பு மாறும்; துணி துவைக்கும் பெண்ணின் நிலை மாறாது. ஆகவே சுடலாமா கூடாதா என்ற கேள்வியை நிலம் யாருடையது என்ற கேள்விக்கு முன்னால் வைப்பது வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுவதாகும். 1969 இல் துப்பாக்கி முனையில் தம் குடிசைகளைத் தாமே கொளுத்தி வெளியேறும்படி கட்டாயப்படுத்தப்பட்ட மகுலேக்கே மக்கள், 1998 இல் குரூகர் பூங்காவின் வடகோடியில் தங்கள் நிலத்தைச் சட்டப்படி மீட்டனர். நிலம் கைக்கு வந்தபின், சில ஆண்டுகள் ஒருசில விலங்குகளை மட்டும் வேட்டைக்கு விட்டுத் தொடக்கச் செலவுக்குப் பணம் திரட்டினர். பின்னர் அதை நிறுத்திவிட்டுச் சுற்றுலா விடுதிகளுக்கு மாறினர். வேட்டை வேண்டும் என்றதும் போதும் என்றதும் அவர்களே. காடும் அழியவில்லை.

இவ்வாறான மீட்பு இன்னும் கடினமாகும் காலம் இது. 2025 ஜனவரியில், சில சூழல்களில் இழப்பீடின்றியும் நிலத்தை எடுக்க வழிசெய்யும் கையகப்படுத்தல் சட்டத்தில் ராமபோசா கையெழுத்திட்டார். அதை நடைமுறைப்படுத்தும் துணிவு அவருக்கு இருக்குமா என்பது ஒருபுறமிருக்க, அடுத்த மாதமே டிரம்ப் தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்தி ஆணையிட்டு, வெள்ளை ஆப்பிரிக்கானர்களுக்கு அகதித் தகுதி அறிவித்தார். மே மாதம் முதல் குழுவினர் 59 பேர் அமெரிக்கா சென்று இறங்கினர். டிரம்பின் இரு மகன்கள் ஜிம்பாப்வேயில் வேட்டையாடி, செத்த விலங்குகளோடு எடுத்துக்கொண்ட படங்களை 2012 இல் உலகம் பார்த்தது. ஆப்பிரிக்க நிலத்தைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு உள்ள அறிவு வேட்டை முகாமின் வாயிற்படியோடு முடிந்துவிட்டது போலும்.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மகாராஜாக்களின் ஷிகார் மரபுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் வேலி போடும் மனப்போக்குக்கு அது முற்றுப்புள்ளி வைக்கவில்லை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. பிரதமர் கேமராவோடு நின்றார். அந்தக் காடு குஜராத் சிங்கங்களுக்காக ஏற்கெனவே காலி செய்யப்பட்ட காடு. பெரும்பாலும் சகாரியா ஆதிவாசிகள் வாழ்ந்த 24 கிராமங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. சிங்கம் வரவே இல்லை. சகாரியாக்கள் கல் நிறைந்த நிலத்தில் குடியமர்த்தப்பட்டு, கூலி தேடி அலைகின்றனர்.

2024 ஜூன் 19 அன்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம், புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்கிட்டு, இடமாற்றத்தை விரைவுபடுத்தக் கோரியது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு இதற்குத் தெளிவான நிபந்தனைகளை விதிக்கிறது. உரிமைகள் அனைத்தும் முதலில் அங்கீகரிக்கப்பட வேண்டும். மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ இயலாது என்பது நிறுவப்பட வேண்டும். கிராம சபை விவரமறிந்து, எழுத்துப்பூர்வமாக, சுயவிருப்பத்தோடு ஒப்புதல் தர வேண்டும். தமிழ்நாட்டின் ஐந்து புலிகள் காப்பகங்களிலும் வன உரிமை மனுக்கள் கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் தேங்கிக் கிடக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, கிராம சபைகளைக் கூட்டி, சமூக வன உரிமைக்கான வரைபடங்களோடு மனுக்களைப் புதுப்பிக்கும் பணியை, ஆதிவாசி, விவசாயத் தொழிலாளர் அமைப்புகளில் இயங்கும் தோழர்கள் அடுத்த இடமாற்ற அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.